பேராயர் அஜயி கிரவுதர் தோற்றுப்போனாரா?

லாகோஸ்வாசி எழுதியது:

நான் நைஜீரியாவின் லாகோஸுக்கு வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. தினமும் காலையில் மஞ்சள் நிற டான்ஃபோ வண்டியில் தீவுப் பக்கம் போவேன். கதவில் தொங்கிக்கொண்டு வரும் நடத்துநர் பையன் "சியெமெஸ்! சியெமெஸ்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். அது ஏதோ ஊர்ப்பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது சி.எம்.எஸ்., அதாவது சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம். அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே மெரினாவில் பேராலயம் இருக்கிறது. உள்ளே சாமுவேல் அஜயி கிரவுதருக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. ஒரு மழை நாளில் ஒதுங்கப் போய் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ 1809-ல் யோருபா நாட்டின் ஒஷோகுன் என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் அஜயி. 1821-ல் ஒரு காலை நேரம், சமையல் நடந்துகொண்டிருக்கும்போது ஊரைச் சூழ்ந்து தீ வைத்துவிட்டார்கள். தாய், சகோதரிகளோடு கழுத்தில் கயிறு மாட்டி இழுத்துப் போனார்கள். ஒரு நாளுக்குள்ளேயே அவரைக் கொடுத்து ஒரு குதிரையை வாங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து, குதிரை சரியில்லை என்று சொல்லித் திருப்பிவிட, பையனும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தான். அப்புறம் கை மாறி, கை மாறி, ஒரு கட்டத்தில் புகையிலைக்கும் சாராயத்துக்கும் விலைபோனான். இரவில் இடுப்புத் துணியால் தன் கழுத்தை இறுக்கிக்கொள்ளப் பலமுறை முயன்றதாகவும் துணிவு வரவில்லை என்றும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். வயது பன்னிரண்டு, பதின்மூன்றுதான் இருக்கும்.

லாகோஸில் போர்த்துகீசிய வியாபாரிகள் வாங்கினார்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒரே சங்கிலியில் கழுத்தோடு கோத்து வைப்பார்களாம். காற்றுக்காகவோ படுக்கவோ பெரியவர்கள் சங்கிலியை இழுத்தால், பிள்ளைகளின் கழுத்து நெரிபடும். 1822 ஏப்ரல் 7 அன்று 'எஸ்பெரான்சா ஃபெலிஸ்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். அன்று மாலையே பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலான 'மிர்மிடன்' அதைப் பிடித்தது. மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அது மீட்பு என்று தெரியவில்லை. புதுக்கப்பலில் தொங்கிய பன்றி இறைச்சியைக் கூட வந்த பையன் ஒருவனின் உடல் என்றும், குவித்து வைத்திருந்த பீரங்கிக் குண்டுகளை வெட்டிய தலைகள் என்றும் நினைத்து நடுங்கியிருக்கிறார்கள். இறைச்சியில் குளம்பு தெரிந்த பிறகுதான் உயிர் வந்திருக்கிறது. இந்த இடத்தை நான் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் தொடர முடிந்தது.

சியரா லியோனில் இறக்கிவிட்டார்கள். ஆறே மாதத்தில் படிக்கக் கற்றார், தச்சுவேலையும் கற்றார். 1825 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்றார். 1827-ல் ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவர். 1843-ல் லண்டனில் குருப்பட்டம். 1864 ஜூன் 29 அன்று கேன்டர்பரி பேராலயத்தில் பேராயராக அபிஷேகம். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் இவர்தான்.

இதுவரைக்கும் எல்லாப் புத்தகங்களும் மகிழ்ச்சியாகச் சொல்கின்றன. ஆனால் 1890-ல், எண்பதைத் தாண்டிய வயதில், நைஜர் நதிக்கரையில் அவர் நடத்திவந்த மிஷனின் நிதிக்குழுவில், இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த சில ஆங்கில மிஷனரிகள் அவருடைய ஊழியர்களை வரிசையாக நீக்கினார்கள். கிழவர் அந்தக் குழுவிலிருந்து விலகினார். பதினாறு மாதத்தில், 1891 டிசம்பர் 31 அன்று, லாகோஸில் இறந்தார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஓர் ஆங்கிலேயர்.

இந்தக் கடைசிப் பகுதியை எப்படி எடுத்துக்கொள்வது? எதிர்க்கத் தெரியாத மனிதரா? நிர்வாகத் தோல்வியா? இங்கே வரலாறு படித்தவர்கள், திருச்சபை விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பேசுங்கள்.


பாளைக்காரர் எழுதியது:

தம்பி, லாகோஸில் ஒரு பையன் "சி.எம்.எஸ்." என்று கத்துகிறான் என்று படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாளையங்கோட்டையில் நாங்கள் வளர்ந்ததே அந்த மூன்று எழுத்துக்குள்தான். பள்ளிக்கூடம், ஆலயம், சபை ஐயர், உபதேசியார், அறுப்பின் பண்டிகை எல்லாம் அதற்குள் அடக்கம். என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். மாதச் சம்பளத்தில் பாதி நெல்லாக வரும் என்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். கிரவுதரைத் தூக்கிப் பிடித்தவர் ஹென்றி வென். 1841 முதல் சி.எம்.எஸ்ஸின் செயலாளர். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு நாட்டுச் சபை தன் காலில் நிற்க வேண்டும், தன் பணத்தில் நடக்க வேண்டும், தானே வளர வேண்டும். மிஷனரி என்பவன் கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் மாதிரி, வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்பது. திருநெல்வேலியிலும் இதே யோசனைதான் நடைமுறைக்கு வந்தது. சபையாரே பணம் போட்டுத் தங்கள் ஐயருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். வென் 1873-ல் இறந்துவிட்டார். கிரவுதரின் கடைசிக் காலத்தைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. அவரைப் பேராயராக்கிய கை போய்விட்டது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அவர் ஒரு பழைய பரிசோதனை, அவ்வளவுதான்.


எழுத்தாணி எழுதியது:

நான் மொழியியல் பக்கத்து ஆள். பதவி, குழு, விலகல் எல்லாம் இருக்கட்டும். அவர் மேஜையில் என்ன செய்தார் என்று பார்க்கலாம்.

யோருபா சுரமொழி. ஒரே எழுத்துக்கூட்டை மூன்று சுரத்தில் சொன்னால் பொருள் மாறும். 'ஒகோ' என்பதைச் சமமாகச் சொன்னால் கணவன். இரண்டாம் அசையை ஏற்றிச் சொன்னால் மண்வெட்டி. அதையே இறக்கிச் சொன்னால் படகு, இன்றைக்கு வண்டி. இரண்டு அசையையும் இறக்கினால் ஈட்டி. தமிழ்க் காதுக்கு இது பிடிபடவே நாளாகும். ஐரோப்பிய மிஷனரிகளின் காதுக்கும் அப்படித்தான் இருந்தது. கிரவுதர் அந்த மொழியைத் தாய்மடியில் கேட்டவர். 1843-ல் யோருபாச் சொற்கோவையை வெளியிட்டார். 1852-ல் இலக்கணத்தோடு விரிவான பதிப்பு வந்தது. நம் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856. இருவரும் ஆங்கிலிக்கன் குருமார்கள், இருவரும் பேராயர் ஆனவர்கள், இருவரும் இறந்தது 1891-ல். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கால்டுவெல் வெளியிலிருந்து வந்து தமிழைப் படித்தவர். கிரவுதர் தன் தாய்மொழிக்கே இலக்கணம் எழுதினார்.

அவர் உதவியோடு நிலைபெற்ற எழுத்துமுறையில், திறந்த ஒலியுள்ள உயிரெழுத்து இரண்டுக்கும், ஷகர ஒலிக்கும் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வரும். நாம் மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி வைக்கிறோம், அவர்கள் கீழே வைக்கிறார்கள். லாகோஸில் கடைப் பலகைகளில் அந்தப் புள்ளியைப் பார்த்திருப்பீர்கள் தம்பி.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அவர் சொல் தேடிய விதம். பழமொழிகளைத் தொகுத்தார். அவருடைய இலக்கண நூலிலேயே பழமொழிகள் நிறைய. ஆங்கிலப் பைபிளை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவது அவருக்குப் பிடிக்கவில்லை. கிழவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டார். இன்னொரு ஆச்சரியம் பாருங்கள். அவர் ஊரைக் கொளுத்தி அவரைப் பிடித்துப் போனவர்களில் முஸ்லிம் படையினர் இருந்தார்கள். இருந்தும், யோருபா முஸ்லிம்கள் பழக்கத்தில் வைத்திருந்த சொற்களைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். ஜெபத்துக்கு 'அதுரா'. அது அரபியின் 'துஆ'. குருவுக்கு 'அலுஃபா'. அதுவும் முஸ்லிம் ஆசான்களைக் குறித்த சொல்தான். மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்து திணிப்பானேன் என்று நினைத்திருக்கிறார். பழைய காயத்தை மொழிக்குள் அவர் கொண்டு வரவில்லை.

1862-ல் லாகோஸில் அவர் வீடு தீப்பிடித்தது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த சொற்களும் பழமொழிகளும், மொழிபெயர்ப்புக் கைப்பிரதிகளும் சாம்பலாயின. மறுபடி உட்கார்ந்து எழுதினார். முழு யோருபா பைபிள் 1884-ல் முடிந்தது. வேறு சிலரும் அதில் பங்கெடுத்தார்கள் என்றாலும் முதுகெலும்பு அவர்தான்.

ஆகவே "தோற்றாரா" என்ற கேள்விக்கு என் பதில் எளிது. 1890-ல் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது ஒரு குழுவின் நாற்காலியை மட்டும்தான். மொழியை யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது.


தணிக்கைக்காரன் எழுதியது:

எழுத்தாணி ஐயா, மொழிப்பணியில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நைஜர் மிஷனின் நிர்வாகத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். உணர்ச்சியில் அதை மூடிவிடக் கூடாது.

அந்த மிஷன் நதியை நம்பி நடந்தது. மழைக்குப் பின் வெள்ளம் இருக்கும் சில மாதங்கள்தான் நீராவிப் படகு மேலே போகும். ஒனிட்ஷா, லொகோஜா, எக்கா என்று நதியோரம் நூற்றுக்கணக்கான மைலுக்கு நிலையங்கள். பேராயர் குடியிருந்ததோ லாகோஸில். மிஷனுக்கென்று சொந்தப் படகு வந்ததே 1878-ல்தான். அதுவரை வியாபாரிகளின் படகில் இடம் கேட்டுப் போக வேண்டும். வருடத்தில் ஒருமுறை எட்டிப் பார்க்கும் மேற்பார்வை என்ன மேற்பார்வை?

ஊழியர்களில் பெரும்பாலோர் சியரா லியோனிலிருந்து வந்தவர்கள். இக்போ நாட்டில் வேலை செய்தவர்களில் பலருக்கு இக்போ சரியாக வராது. சம்பளம் குறைவு. அதனால் சிலர் வியாபாரத்தில் இறங்கினார்கள். ஒனிட்ஷாவில் மிஷன் ஊழியர்கள் ஓர் அடிமைப் பெண்ணை அடித்துக் கொன்ற வழக்கும் உண்டு. அது சியரா லியோன் நீதிமன்றம் வரை போனது. அடிமைக் கப்பலிலிருந்து மீண்ட ஒருவரின் மிஷனில், ஓர் அடிமைப் பெண்ணுக்கு அது நடந்தது. எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

கிரவுதர் நல்லவர். மன்னிக்கிற மனிதர். தவறு செய்தவனையும் மறுவாய்ப்புக் கொடுத்து வைத்திருப்பார். ஓர் அலுவலகத்தில் அப்படிப்பட்ட மேலாளர் கீழே நான் வேலை பார்த்திருக்கிறேன். தனிப்பட்ட முறையில் அவர் தங்கமானவர். ஆனால் அவர் கண்டிக்காமல் விட்டவர்களால் கடைநிலையில் இருந்தவர்கள்தான் அடிபட்டார்கள். நைஜர் மிஷனைப் படிக்கும்போது அந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. குற்றம் சாட்டிய ஆங்கிலேய இளைஞர்கள் ஆணவக்காரர்கள் என்பதாலேயே அவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது.


லாகோஸ்வாசி எழுதியது:

தணிக்கை சார், அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் முதல் பதிவில் அதை விட்டது தவறு. எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் மேற்பார்வை முடியாத அளவுக்குப் பெரிய நிலத்தை அவருக்குக் கொடுத்தது யார்? அவர் பல ஆண்டு குருவாக வேலை பார்த்த யோருபா நாட்டை அவருக்குத் தரவில்லை. அபெயோகூட்டாவில் இருந்த ஹென்றி டவுன்செண்ட் முதலிய வெள்ளைக்கார மிஷனரிகள், ஓர் ஆப்பிரிக்கருக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அதனால் மேற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு வெளியே உள்ள நாடுகளின் பேராயர் என்று ஒரு நீண்ட பட்டத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். தன் மொழி பேசும் ஊர்கள் அதில் இல்லை. வீடு இருந்த லாகோஸும் இல்லை. இக்போவும் நூப்பேயும் பேசும் நதிக்கரைகளைக் கொடுத்து, நீயே பார்த்துக்கொள் என்றார்கள். அவர் அந்தப் பதவியைக் கேட்கவும் இல்லை. வேண்டாம் என்று மறுத்தவரை வென்தான் வற்புறுத்தி ஏற்க வைத்தார்.

1890 ஆகஸ்டில் ஒனிட்ஷாவில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நிதிக்குழுக் கூட்டம். தலைவர் நாற்காலியில் கிரவுதர். செயலாளர் ஈடன் என்ற இளைஞர். கூட இருந்தவர்களில் கிரஹாம் வில்மட் புரூக்குக்கு வயது 25. பேராயரிடம் கேட்காமலே செயலாளர் குருமார்களை இடைநீக்கம் செய்கிறார். அந்த அதிகாரம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கிழவர் கேட்கிறார். நீக்கப்பட்டவர்களில் அவருடைய மகன் டாண்டெசனும் ஒருவர். கடைசியில், அப்படியானால் பேராயரும் இடைநீக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து விலகுகிறார்.

அது எதிர்க்கத் தெரியாதவரின் செயல் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. மூன்று நாளாக இந்த இழையைப் படித்ததில் என் கேள்வியே மாறிவிட்டது.

அந்த மிஷனரிகளில் ராபின்சன், புரூக் என்ற இளைஞர்கள் இருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராபின்சன் 1891 ஜூனிலும், புரூக் 1892 மார்ச்சிலும் லொகோஜாவில் இறந்தார்கள். காய்ச்சல். அவர்களும் எதையோ நம்பித்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள்.


வான்மதி எழுதியது:

நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இவ்வளவு பேசியும் அவருடைய அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அதனால் நான் எழுதுகிறேன்.

அம்மா பெயர் அஃபாலா. 1821-ல் பிரிந்தவர்கள். கிரவுதர் 1846-ல் மிஷனரியாக அபெயோகூட்டாவுக்கு வந்து சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த அவருடைய தாய்க்கும் சகோதரிகளுக்கும் செய்தி போனது. ஆகஸ்ட் 21 அன்று அம்மா வந்து நின்றார். இருபத்தைந்து வருடம். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பேச்சு வராமல், பார்த்துக்கொண்டே இருந்ததாகக் கிரவுதர் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். ஒட்டிய கன்னத்தில் கண்ணீர் உருண்டதாம். பழைய பெயரை, சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி அழைத்திருக்கிறார். நடுங்கும் கையால் மகனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அண்ணா, நீங்கள் "சாமுவேல் கிரவுதர்" என்று எழுதும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. அந்தப் பெயர் லண்டனில் இருந்த ஒரு குருவின் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்தது. அம்மாவுக்கு அவர் அஜயிதான். முகம் கீழே இருக்கும்படி பிறக்கும் குழந்தைக்கு யோருபாக்கள் வைக்கும் பெயராம். நம் வீடுகளில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளைக்கு என்று தனிப் பேச்சு இருப்பதுபோல.

1848-ல் மகன் கையாலேயே ஞானஸ்நானம் பெற்று அம்மா ஹன்னா ஆனார். பைபிளில் சாமுவேலின் தாய் பெயர் அன்னாள். யார் யோசித்து வைத்தார்களோ, அழகாக வைத்திருக்கிறார்கள். மனைவி சூசனும் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பெண்தான். இயற்பெயர் அசானோ. பள்ளி ஆசிரியை. ஐம்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து 1880-ல் போனார். அம்மா 1883 வரை, தொண்ணூறைத் தாண்டி இருந்தார். ஆக, கடைசி ஆண்டுகளில் அந்த வீட்டில் அவரை "அஜயி" என்று கூப்பிட யாரும் இல்லை. குழுவில் நடந்ததை விட எனக்கு இதுதான் நெஞ்சை அடைக்கிறது.


கரிசல்குயில் எழுதியது:

வான்மதி எழுதியதைப் படித்துவிட்டு உடனே மறுப்புச் சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் இழை முழுமையாகாது.

1851 நவம்பரில் கிரவுதர் வின்சர் அரண்மனைக்குப் போனார். ஆல்பர்ட் இளவரசரோடு மேற்கு ஆப்பிரிக்க வரைபடத்தின் மேல் குனிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்து கலந்துகொண்டார். பேச்சின் நடுவில்தான் அது விக்டோரியா மகாராணி என்று அவருக்குத் தெரிந்தது. பரமண்டல ஜெபத்தை யோருபாவில் சொல்லிக் காட்டினார், மொழி மென்மையாக இருக்கிறது என்று ராணி சொன்னார் என்பதையெல்லாம் எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கே அவர் எதற்காகப் போனார்? லாகோஸில் அடிமை வியாபாரத்தை நிறுத்த அரசாங்கம் தலையிட வேண்டும் என்று கேட்க. பிரதமர் பக்கத்துப் பெரிய மனிதர்களையும் கடற்படையினரையும் சந்தித்தார். டிசம்பர் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை லாகோஸைக் குண்டு வீசித் தகர்த்தது. பத்தே வருடத்தில், 1861-ல், லாகோஸ் பிரிட்டிஷ் காலனி.

அடிமைச் சங்கிலியைக் கழுத்தில் உணர்ந்தவர் அதை ஒழிக்க யாரிடமும் உதவி கேட்பார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கதவைத் தட்டிய அதே பேரரசுதான், காலனி எண்ணம் முற்றிப்போன 1880-களில், அவர் கறுப்பர் என்பதாலேயே அவரை ஓரங்கட்டியது. பேரரசின் துணையோடு வந்த திருச்சபை வேறெப்படி நடந்துகொள்ளும்?

மொழிபெயர்ப்பிலும் ஒரு வடு உண்டு. யோருபாக்களின் 'எஷு' என்ற தெய்வம் முச்சந்திகளில் நிற்கும் தூதுவன். மனிதருக்கும் மற்றத் தெய்வங்களுக்கும் நடுவே செய்தி கொண்டு போகிறவன், விளையாட்டுக்காரன். கிரவுதர் பைபிளில் பிசாசுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். இன்றுவரை எஷு சாத்தான் இல்லை என்று யோருபா மரபுக்காரர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கருப்பசாமியை ஒரு அகராதி பிசாசு என்று அச்சடித்து, அந்தப் புத்தகமே வீட்டுக்கு வீடு போனால் எப்படி இருக்கும்?


எழுத்தாணி எழுதியது:

கரிசல்குயில், எஷு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அது பிழை, பெரிய பிழை. ஒரு மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைத் தேர்ந்தால் அது நூற்றைம்பது வருடம் ஊரைச் சுற்றும்.

கடவுளுக்கு அவர் எடுத்த சொல் 'ஒலோருன்'. விண்ணுக்கு உடையவர் என்று பொருள். அது யோருபா மக்கள் ஏற்கெனவே சொல்லிவந்த பெயர்தான். நம்மிடம் பைபிளைத் தமிழாக்கிய பப்ரிசியுஸ் காலத்தில் 'பராபரன்', பின்பு 1871 திருத்தத்தில் 'தேவன்', இப்போது பொதுமொழிபெயர்ப்பில் 'கடவுள்' என்று ஒரே இடத்தைச் சுற்றி நூற்றாண்டுக்கணக்கில் சண்டை. பராபரனில் பழகிய வாய்கள் தேவனுக்கு மாற மறுத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிரவுதரின் ஒலோருன் அப்படி ஆடவில்லை. ஒரே மனிதர், ஒரே மேஜை. ஒன்றில் அவ்வளவு சரியாகவும் இன்னொன்றில் அவ்வளவு தவறாகவும் போனார். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.


பாளைக்காரர் எழுதியது:

பேரனை வைத்துத் தட்டச்சு செய்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரவுதர் விஷயம் ஆப்பிரிக்காவோடு முடியவில்லை. ஆப்பிரிக்காவில் 1864-ல் ஓர் உள்நாட்டவர் பேராயர் ஆகிவிட்டார். திருநெல்வேலியில் 1877-ல் இரண்டு பேராயர்கள் வேண்டும் என்று வந்தபோது, கால்டுவெல்லையும் சார்ஜெண்டையும் அபிஷேகம் செய்தார்கள். இருவரும் தமிழ் நன்றாக அறிந்தவர்கள், உழைப்பாளிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்போதே நம் பக்கத்தில் தமிழ்க் குருமார்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். இந்தியாவுக்கு முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் வந்தது 1912 டிசம்பர் 29-ல்தான். அவரும் நம் வெள்ளாளன்விளைக்காரர், அசரியா. கொடுத்ததோ தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல். கிரவுதருக்கும் அசரியாவுக்கும் நடுவே 48 வருடம்.

அசரியா நியமனத்தின்போதும் அதே பேச்சுத்தான் எழுந்தது. வெள்ளைக்கார மிஷனரி ஓர் இந்தியனுக்குக் கீழ் எப்படி இருப்பான் என்று. கிரவுதருக்குப் பின் ஆப்பிரிக்கர்களை உதவிப் பேராயர்களாக மட்டும் வைத்திருந்தார்கள். முழுப் பொறுப்போடு ஒரு திருமண்டலம் ஓர் ஆப்பிரிக்கர் கைக்கு வர அங்கே ஏறக்குறைய அறுபது வருடம் ஆனது. கிரவுதரை நீக்கியவர்கள் ஒரு கிழவரை மட்டும் நீக்கவில்லை, தம்பி. வரிசையில் பின்னால் நின்ற அத்தனை பேரையும் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

2014 ஜூனில் கேன்டர்பரியில் அவருடைய அபிஷேகத்தின் 150-வது ஆண்டை நினைத்து ஆராதனை நடந்தது. அப்போதைய பேராயர் ஜஸ்டின் வெல்பி, முறையாகப் பேராயராக்கப்பட்ட ஒருவரைக் கைவிட்டு, வலுவிழக்கச் செய்ததற்காகத் திருச்சபை வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். நல்லது. 123 வருடம் தாமதம் என்றாலும் சொன்னார்.


தணிக்கைக்காரன் எழுதியது:

லாகோஸ்வாசி எழுதிய எல்லைப் பிரச்சினை எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒருவருக்குத் தெரியாத மொழி பேசும் ஊர்களைக் கொடுத்துவிட்டு மேற்பார்வை போதவில்லை என்று எழுதுவது நியாயம் இல்லைதான். அந்தப் பகுதியை மாற்றிக்கொள்கிறேன். ஒனிட்ஷாப் பெண்ணைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஒன்று கூடுதலாக. மகன் டாண்டெசன் அடங்கிப் போகவில்லை. டெல்டாப் பகுதிச் சபைகளைச் சேர்த்து, 1892-ல் சி.எம்.எஸ். பணம் இல்லாமல் தாமே நடத்தும் நைஜர் டெல்டா குருமாவட்டத்தை அமைத்தார். பான்னி, பிராஸ் ஊர்ச் சபையார் பாமெண்ணெய் வியாபாரத்தில் வந்த காசில் தங்கள் குருமாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வென் சாரம் என்று சொன்னாரே, அதைக் கழற்றியும் கட்டடம் நின்றது.


வான்மதி எழுதியது:

பேரனையும் சொல்லிவிடுங்கள். மகளின் பிள்ளை ஹெர்பர்ட் மெக்காலே, 1864 நவம்பரில் பிறந்தவர். தாத்தா பேராயரான அதே ஆண்டு. பொறியாளராகி, பிறகு லாகோஸில் காலனி அரசை எதிர்த்து அரசியல் செய்தவர். நைஜீரியத் தேசியத்தின் தந்தை என்கிறார்கள். ஒரு நைரா நாணயத்தில் அவர் முகம் இருக்கும். அண்ணா, கிடைத்தால் படம் போடுங்கள்.


லாகோஸ்வாசி எழுதியது:

ஒரு நைரா நாணயம் இப்போது கைக்குக் கிடைப்பதே இல்லை வான்மதி. என்னோடு வேலை பார்க்கும் யோருபா அக்கா ஒருவர், தன் அப்பாவின் மேஜையில் ஒன்று இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றார்.

அவர்தான் போன ஞாயிறு என்னை யோருபா ஆராதனைக்குக் கூட்டிப் போனார். பக்கத்தில் ஒரு பாட்டி. தலையில் நீல நிறக் கெலே கட்டியிருந்தார். அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் நூல் வைத்துத் தைத்த பைபிள் கையில். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து என் மடியிலேயே வைத்துவிட்டார். எழுத்தாணி ஐயா சொன்ன புள்ளிகள் பக்கம் முழுக்க எறும்பு வரிசை மாதிரி இருந்தன. பரமண்டல ஜெபம் எந்த இடம் என்று கேட்டேன். மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் திருப்பி விரலால் காட்டினார்.

மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ஒருன்' என்ற சொல் வந்ததும் பாட்டி என் கையைத் தட்டி நிறுத்தினார். புத்தகத்தில் புள்ளி இருந்ததே தவிர, ஏற்ற இறக்கக் குறி இல்லை. நான் பின்னசையை இறக்கிச் சொல்லிவிட்டேன். அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டினார். அப்புறம் முதல் அசையைத் தாழ்த்தி ஒருமுறை சொல்லிவிட்டு, விரலை மேலே, கூரையைத் தாண்டி வானத்துக்குக் காட்டினார்.

மூன்றாவது தடவைதான் எனக்குச் சரியாக வந்தது.